ஒன்பதுக்குப் பதின்மூன்று

எங்கள் ஊரில் சாவுச் செய்தி
தேவாலய மணியை எட்டுவதற்கு முன்னால்
அடுப்படிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒன்பது அங்குலத்துக்குப் பதின்மூன்று,
கண்ணாடிப் பாத்திரம்.
அடியில் வதக்கிய மாட்டுக்கொத்து, வெங்காயம்.
நடுவில் டின்னிலிருந்து வழுக்கி விழும் காளான் சூப்,
விழுந்த பிறகும் டின்னின் வளையங்களை
மறக்காமல் நிற்கும், கரண்டியால் அடித்து மறக்கவைக்க வேண்டும்.
மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள், வரிசையாக,
இறைவணக்கத்துக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி.
ஓரத்தில் கொப்புளித்தால் இறக்கலாம்.

வெளியூர்க்காரர்கள் கேசரோல் என்பார்கள்.
மினசோட்டாவின் இந்த வடகோடியில் ஹாட்டிஷ்.
பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள்,
ஆர்டிஸ் க்வாம் அதற்காகவே
சொந்த நாத்தனாரோடு ஆறு வருஷம் பேசவில்லை.

எதற்கு எது என்று கணக்கு உண்டு.
பிள்ளை பிறந்த வீட்டுக்குக் கோழியும் காட்டரிசியும்,
ஒரு கையால் சாப்பிடலாம்.
கால் உடைந்தால் டூனா நூடுல்ஸ், மேலே நொறுக்கிய சிப்ஸ்.
அறுவை சிகிச்சைக்குச் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு,
ஆனால் பித்தப்பை எடுத்தவர்களுக்கு ஆகாது.
ஒருமுறை தெரியாமல் கொடுத்துவிட்டுப்
பட்டது போதும்.
ஐலி மட்டும் எதற்கும் தன் ஃபின்லாந்து வழக்கப்படி
ருட்டபாகாக் கிழங்கு மசியல்தான் சுட்டுக் கொண்டுவருவாள்.
யாரும் தின்பதில்லை. யாரும் சொல்வதுமில்லை.

முப்பத்தொரு வருஷம் சுமந்தேன்.
பாத்திரத்தின் அடியில் மாஸ்கிங் டேப்,
டேப்பில் என் பெயர்: வெர்னா ஸ்கோக்லண்ட்.
எங்கே போனாலும் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

டுவேன் நவம்பரில் போனான்.
செத்துப் போகவில்லை, பெமிட்ஜிக்குப் போனான்,
பல் மருத்துவமனை வரவேற்பறைக்காரியோடு,
உறைந்த ஏரியில் மீன்பிடிக்கும் குடிலையும்
டிரெய்லரில் இழுத்துக்கொண்டு.

முதல் நாள் வாசல் விளக்கைப் போட்டுவைத்தேன்.
இரண்டாம் நாள் ஃப்ரிட்ஜில் ஒரு அடுக்கைக் காலி செய்தேன்.
வெட்கம்தான், ஆனாலும் செய்தேன்.
ஒருவரும் வரவில்லை.
கடையில் ஆர்டிஸ் என் தள்ளுவண்டியைப் பார்த்தாள்,
பிறகு பட்டாணி டின்னைப் பார்த்தாள்,
பிறகு பட்டாணியின் விலையை, ரொம்ப நேரம்.
சாவுக்கு ஒரு சூப் இருக்கிறது.
இதற்கு எந்த டின்னைத் திறப்பது என்று
அவளுக்குத் தெரியவில்லை, பாவம்.
நான் குறை சொல்ல மாட்டேன்.
சொல்லிவிட்டேன்.

நான்காம் நாள் எனக்கு நானே செய்துகொண்டேன்,
பெரிய பாத்திரத்தில், துக்க வீட்டு அளவில்.
டேப்பை உரித்தேன். பசை போகவில்லை.
அதன் மேலேயே புது டேப் ஒட்டிப்
பிறந்த வீட்டுப் பெயரை எழுதினேன்.
பாதியில் ஒரு எழுத்து மறந்துபோயிற்று.

ஏழாம் நாள் இருட்டோடு
ஊர்ப் பனி தள்ளும் வண்டி என் வாசலில் நின்றது.
கன்னர் ஓஸ்ட்பி. மனைவி இறந்தபோது
நான் இரண்டு கொண்டுபோய்க் கொடுத்த ஆள்.
எஞ்சினை அணைக்கவில்லை.
கேக் சுடும் அலுமினியத் தட்டை நீட்டி
"டூனா," என்றார்.
"உள்ளே என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது."

சூப்புக்குப் பதில் பால் ஊற்றியிருந்தார்.
நூடுல்ஸ் நடுவில் விறைத்து நின்றது,
பட்டாணிக்குள் இன்னும் பனி.
உப்பே இல்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம்,
உப்பை மறந்தவரை எத்தனை நாள் நினைப்பது?
கோட்டைக்கூட மாட்டாமல் வாசலிலிருந்தே
அடுப்படி மேடைக்கு வந்து, நின்றபடி
பாதியைத் தின்றேன்.

பிறகு தட்டைத் தூக்கி அடியில் பார்த்தேன்.
டேப் இருந்தது. பெயர் இல்லை.
'திருப்பித் தர வேண்டாம்' என்று
பென்சிலில், சாய்ந்த கையெழுத்து.

கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.
தருவேன். வெறும் பாத்திரம் தருகிற வழக்கம்
இந்தப் பக்கத்தில் கிடையாது.
மனிதருக்குப் பித்தப்பை இருக்கிறதா என்று மட்டும்
யாரிடமாவது முதலில் விசாரிக்க வேண்டும்.